அனுபல்லவியில் குரல் உடைகிறதா?

நெட்டுக்குப்பத்திலிருந்து தெற்கே வந்தால் திருவொற்றியூர். வடிவுடையம்மன் அருளாட்சி புரியும் திருத்தலம். சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பை ஏற்று இங்கு வந்த தியாகராஜ சுவாமிகள், அம்பாள் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளே திருவொற்றியூர் பஞ்சரத்தினம்.

வெள்ளிக்கிழமை பூஜையில் இவற்றைப் பாட விரும்பும் சகோதரிகள் பலர் தடுமாறுவது அனுபல்லவியில்தான். பல்லவி சுலபமாக வரும். மேல் ஷட்ஜமத்தை எட்டும்போது கழுத்து நரம்பு புடைக்கும், குரல் உடையும். 'எனக்குப் பாட்டு வராது' என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை குரலில் இல்லை, சுருதியில்!

ஆண் பாடகர் 1 கட்டையில் பாடியதைக் கேட்டு அப்படியே உடன் பாடினால், நமக்கு ஒன்று அதலபாதாளம், அல்லது எட்டாத உயரம். பெண்கள் பலருக்கு நாலரை முதல் ஐந்தரை கட்டை பொருந்தும். சுருதிப் பெட்டியைப் போட்டு, அனுபல்லவியின் உச்ச ஸ்வரத்தை முதலில் பாடிப் பாருங்கள். சிரமமின்றி அது நிற்கும் கட்டையே உங்களுடையது.

பிறகு அகார சாதகம். ஸ, ப, மேல் ஸ என ஒவ்வொன்றிலும் நின்று பாடுங்கள். மேல் ஷட்ஜமத்தில் குரல் நாண்கள் இழுபட்டு மெலிந்து, இரு மடங்கு வேகத்தில் அதிர்கின்றன. அப்போது மூச்சை மோதவிடக் கூடாது. மேலே போகப் போகச் சத்தத்தைக் குறையுங்கள். பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம்தான். ஸ்வரத்தை ஏற்றித் தராது! தொண்டை கம்மினால் அன்று மௌனம். இரண்டு மூன்று வாரம் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்தில் எதை முதலில் எடுப்பது? சுத்தசாவேரியில் அமைந்த 'தாரினி தெலுசுகொண்டி'. ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்தே ஸ்வரங்கள், ஆதி தாளம்.