மிளகுக் கடையில் ஈஆர்பி

மாத்தளையில் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் எழுதிவிட்டு வணிகத் தகவல் முறைமைகள் படிக்கக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மென்பொருளைப் பழகிக்கொண்டு போகவேணும்?" என்றுதான். எஸ்ஏபி, ஒரக்கிள், ஐஎஃப்எஸ் என்று பெயர்களையும் அடுக்குவார்கள். ஒன்றும் வேண்டாம் என்பேன். பெறுபேறு வந்து கெம்பஸ் தொடங்கும்வரை நீண்ட இடைவெளி கிடைக்கிறதே, அதில் ஏதாவதொரு கடையில் போய் நில்லுங்கள்.

இந்த மென்பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயர் ஈஆர்பி, அதாவது நிறுவன வளத் திட்டமிடல். அதன் சாரம் சின்னது. மூட்டை வந்து இறங்கினால் களஞ்சியத்தில் இருப்பு கூடவேண்டும், கணக்கில் கடன் ஏறவேண்டும், விற்றால் இலாபம் தெரியவேண்டும். இதை நாலு பேர் நாலு கொப்பியில் எழுதாமல், ஒருவர் ஒரு தடவை எழுதினால் எல்லா இடத்திலும் பதியவேண்டும். 1960களில் தொழிற்சாலைகளின் மூலப்பொருள் தேவையைக் கணக்கிட்ட மென்பொருள்களிலிருந்து இது வளர்ந்தது. 1972இல் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்ஏபியைத் தொடங்கினார்கள். ஈஆர்பி என்ற பெயர் 1990இல் கார்ட்னர் நிறுவனம் வைத்தது. பரீட்சைக்கு இவ்வளவு போதும், வரலாற்றில் மினக்கெட வேண்டாம்.

நான் படித்தது ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்தில். எஸ்ஏபி செய்முறைக்கென உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் புழங்கும் ஒரு கற்பனைக் கம்பனி உண்டு, பெயர் குளோபல் பைக். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சைக்கிள் விற்கும். கட்டளை போடு, பொருளை ஏற்றுக்கொள், பில்லைப் பதி, பணத்தைக் கட்டு என்று திரை திரையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் பயிற்சி. நல்லதுதான். ஆனால் சைக்கிளைக் களஞ்சியத்தில் வைத்தால் எடை குறையாது. மிளகு குறையும்.

மாத்தளை நகரில் என் மாமா வாசனைத் திரவியம் வாங்கி விற்கிறார். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மிளகு, கராம்பு, சாதிக்காய், வசவாசி, கறுவா எல்லாம் வரும். விடுமுறையில் அந்தக் கடையை ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஏற்றிப் பார்த்தேன். மும்பையில் உருவான திறந்த மூல மென்பொருள் அது. காசு கட்டத் தேவையில்லை, சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். ஓடூ என்ற இன்னொரு ஈஆர்பிக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது.

ஒருவர் கொண்டுவரும் மிளகு தராசில் 50 கிலோ. ஈரத்துக்கு 3 கிலோ கழித்து 47 கிலோவுக்குக் காசு. முற்றத்தில் காயவைத்து எடுத்தால் 44. ஒரே மூட்டைக்கு மூன்று எடை. எதைக் கொம்பியூட்டரில் போடுவது? பில்லில் இருப்பது 47 என்பதால் புதியவர் அதைத்தான் போடுவார். கணக்குக்கு இலேசாகக் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த காசு 47,000. திரையில் ஒரு கிலோவின் அடக்கவிலை 1,000 என்று நிற்கும். உண்மையில் விற்க இருப்பது 44 கிலோதான், ஆகவே அடக்கம் ஏறக்குறைய 1,068. ஒருவன் திரையை நம்பி 1,050க்கு விற்றால் இலாபம் என்று நினைத்துக்கொண்டே கிலோவுக்கு 18 ரூபாய் இழப்பான். மாமா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருமகன், இது சொல்ற விலைய நம்பி வித்தா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

கிரயக் கணக்கில் சாதாரண இழப்பு என்று படிக்கிறோமே, அதே சங்கதிதான். தவிர்க்க முடியாத இழப்பின் செலவை மிஞ்சிய நல்ல பொருள் சுமக்கவேண்டும். மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு: ஈர மிளகு உள்ளே போய்க் காய்ந்த மிளகு வெளியே வருவதாக ஒரு மாற்றுப் பதிவு போட்டால் 47,000 ரூபாயும் 44 கிலோவின் தலையில் ஏறிவிடும். பொத்தான் எங்கே என்று தேடுவது ஐந்து நிமிட வேலை. அப்படியொரு பதிவு வேண்டும் என்று தெரிவதுதான் படிப்பு.

தம்புள்ளைப் பொருளாதார மையத்தையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். 1999இல் திறந்தது. கொள்வனவுக் கட்டளையில் முதலில் விலை எழுது, பிறகு பொருளைப் பெறு என்று பாடம் சொல்லும். அங்கே லொறி வந்து, நாட்டாமை மூட்டையை இறக்கியபிறகுதான் விலை பிறக்கும். கமிஷனுக்கு விற்கும் கடையில் குவிந்திருக்கும் கத்தரிக்காய் கடைக்காரருடையதே அல்ல, விற்றுமுடியும்வரை விவசாயியுடையது. அதை இருப்பில் காட்டலாம், சொத்தில் காட்டக்கூடாது. கன்சைன்மென்ட் என்று விரிவுரையில் கேட்டபோது மண்டையில் ஏறாதது, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஏறிவிடும்.

பெயர்ப் பதிவேட்டை யாரும் மதிப்பதில்லை, சேதம் அங்கிருந்துதான் தொடங்கும். மாமா மிளகு கொண்டுவருபவர்களுக்கு முற்பணம் கொடுப்பதால் அவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவைப்பார். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டையில் 12 இலக்கம். அட்டையை மாற்றிய ஒருவர் கணக்கில் இரண்டு பேராகிவிடுவார், முற்பணம் ஒருவர் பெயரில், மிளகு இன்னொருவர் பெயரில். எழுத்தை விட்டுவிட்டு, முன்னால் 19உம் கடைசி நான்கு இலக்கத்துக்கு முன் ஒரு 0உம் சேர்த்தால் பழையது புதியதாகும். பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று விதமாக எழுதும் நாட்டில் இலக்கத்தை நம்புவதே மேல்.

வற் வரியும் நல்ல வாத்தியார். 2022இல் மட்டும் 8 வீதம் 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆனது; 2024 ஜனவரியில் 18. ஓகஸ்ட்டில் விற்ற பொருள் ஒக்டோபரில் திரும்பி வந்தால் எந்த வீதத்தில் கழிப்பது? விற்ற நாளின் வீதத்தில். வரி வீதத்தைத் திகதியோடு சேர்த்து வைக்காத முறைமை அங்கே திணறும்.

கடையின் பழக்கத்துக்கு மென்பொருள் வளைவதா, மென்பொருளுக்குக் கடை வளைவதா என்ற கேள்விக்கு ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி கொடுத்த விலை பெரிது. எஸ்ஏபியின் வழக்கம் இருப்பைச் சில்லறை விலையில் மதிப்பிடுவது, லிடிலின் வழக்கம் கொள்விலையில். தன் வழக்கத்தை மாற்ற லிடில் மறுத்தது. மென்பொருளைத் திருத்தித் திருத்தி, 2011இல் தொடங்கிய திட்டத்தை ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவழித்தபின் 2018இல் கைவிட்டது. என் கட்சி இதுதான்: ஈரக் கழிவு போலத் தொழிலின் உயிர்நாடியை விட்டுக்கொடுக்காதீர்கள். பில் கொப்பியின் நிறம், கையெழுத்து விழும் இடம் போன்றவற்றுக்காக ஒரு வரி நிரலும் எழுதாதீர்கள்.

வேலை கொழும்பில் இருக்கிறது. சுவீடனின் ஐஎஃப்எஸ் 1997 முதல் இங்கே மென்பொருள் உருவாக்குகிறது. நேர்முகத்தில் ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, ஒரு கேள்விக்கு மட்டும் தடுமாறக்கூடாது: பொருள் வந்துவிட்டது, பில் வரவில்லை, பேரேட்டில் என்ன நடக்கும்? இருப்பு வரவு, இடைக் கணக்கு செலவு. பில் வந்ததும் இடைக் கணக்கு வரவு, வழங்குநர் செலவு. விலைகூடிய சான்றிதழ்களுக்குக் காசு கட்டுமுன் இதைத் தூக்கத்திலும் சொல்லப் பழகுங்கள். பெறுபேறு வந்த கையோடு உயர்தரக் கணக்கீட்டுக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், இரண்டாம் வருடத்தில் தேவைப்படும்.