ஐப்பசியிலேயே கிளம்பு, தங்கச்சி!

பறவை பார்க்கணும் என்றால் பொங்கல் லீவில் வேடந்தாங்கல் போவது என்று நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. போகட்டும், நல்லதுதான். ஜனவரியில் அங்கே மரம் கொள்ளாமல் கூடும் குஞ்சுமாக இருக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை இறங்கி ஏரிகள் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் வெளியூர்ப் பறவைகள் ஒவ்வொரு வகையாக வந்து சேரும். நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று காலை கொல்லை முருங்கையில் உட்கார்ந்திருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஆயிரம் பறவையைப் பார்ப்பதைவிட, இப்படிப் புதிதாக வந்த ஒன்றை நீயே கண்டுபிடிப்பது பெரிய சந்தோஷம். அதற்கு என்னென்ன செய்யணும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதல் வேலை, உள்ளூர்க்காரர்களைத் தெரிந்துகொள்வது. காக்கை, மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, செம்போத்து, உண்ணிக்கொக்கு, மடையான் ஆகிய இவர்கள் எல்லாம் வருஷம் முழுக்க நம்மோடு இருப்பவர்கள். இவர்களின் நடையும் குரலும் கண்ணுக்கும் காதுக்கும் பழகிவிட்டால், புதிதாக வந்தவர் தானாகத் தனியே தெரிவார். வாலாட்டிக் குருவியையே எடுத்துக்கொள். தலையும் முதுகும் கறுத்து, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டையோடு வாலை ஆட்டுகிறதா? அது வெண்புருவ வாலாட்டி, நம் ஊர்ப் பறவை. முதுகு சாம்பலாகவும் முகம் வெளுத்தும் இருந்தாலோ, வயிறு மஞ்சளாக இருந்தாலோ, அது வடக்கே இருந்து வந்த விருந்தாளி.

வீட்டுக் கொல்லை

ஆன்லைனில் தீவனக் கூண்டு வாங்கி, கம்பு நிரப்பித் தொங்கவிட்டு, 'ஒரு புதுப் பறவையும் வரவில்லை அக்கா' என்று கேட்கிறவர்கள் நிறைய. வராதுதான். குளிர்காலத்தில் நம் தோட்டத்துக்கு வரும் பறவைகள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. பழுப்புக் கீச்சான், ஈப்பிடிப்பான்கள், கதிர்க்குருவிகள், ஆறுமணிக்குருவி இவற்றில் எதற்கும் உன் கம்பும் தினையும் வேண்டாம். தானியத்துக்கு முதலில் கூடுவது மாடப்புறாதான். புறா எச்சம் பால்கனியில் சேர்வது நுரையீரலுக்கும் கெடுதல்.

அதனால் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்து. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல், மாமரத்தடியிலோ வாழைக்கட்டை ஒட்டியோ ஒரு மூலையில் அப்படியே மக்க விடு. ஆறுமணிக்குருவி இரை தேடுவது அந்தச் சருகில்தான். பச்சை முதுகு, வெளிர்பழுப்பு மார்பு, வாலடியில் சிவப்பு, கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை என்று அவ்வளவு நிறம் இருந்தும், சருகில் தத்தித் தத்திப் போகும்போது கண்ணில் படாது. விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அசையாமல் நின்று தரையைப் பார். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கோடையைக் கழித்துவிட்டு, இரவிலேயே பறந்து தெற்கே வருகிற பறவை அது. சில இலங்கைக்கும் போகும்.

அப்படி இரவில் வருகிறபோது களைத்தோ, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதியோ, வாசலில் விழுந்து கிடப்பதும் உண்டு. அக்டோபர், நவம்பரில் இது உன் வீட்டிலும் நடக்கலாம். பதறாதே. காக்கையும் பூனையும் எட்டாமல் ஓர் அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து உள்ளே வை. மூடியில் காற்றுக்குத் துளை போடு. இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். குழந்தைகள் பத்து தடவை மூடியைத் திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள். தெளிந்து உள்ளே துள்ள ஆரம்பித்ததும், புதர் இருக்கிற பக்கமாகப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடு. அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

அடுத்தது தண்ணீர். வாய் அகன்ற மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம் போதும். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவிகள் அதில் நின்று குடிக்கும், குளிக்கும். பூனை பதுங்க இடம் கொடுக்காமல் செடிகொடியிலிருந்து கொஞ்சம் தள்ளி வை. மழைக்காலம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தினமும் தண்ணீரைக் கொட்டி, சட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவு. டெங்கு கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட சுத்தமான தேங்கிய நீரில்தான். முட்டை சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் தானியம் போட ஆசையா? காலையில் ஒரு கைப்பிடி தினையோ கம்போ போடு. ஒரு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடு. ஈரத்தில் கிடக்கும் தானியம் பூஞ்சை பிடிக்கும், பறவைக்கு நோய் வரும். மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட மிச்சம் மீதி எதுவும் வேண்டாம். அடுக்குமாடி வீடு என்றால் இட்லிப்பூவும் செம்பருத்தியும் தொட்டியில் வை, தேன்சிட்டு கட்டாயம் வரும்.

கொல்லையில் காதுதான் கண்ணைவிட முந்தும். வேலிப்புதருக்குள் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது மாதிரி 'டக்... டக்' என்று கேட்டால் அது கதிர்க்குருவி, பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கும். ஆளைப் பார்க்கப் பொறுமை வேண்டும், குரலைக் கேட்க வேண்டாம். காய்ந்த கிளை நுனியிலிருந்து விடியற்காலையில் கரகரவென்று திட்டுகிற குரல் பழுப்புக் கீச்சானுடையது. கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருக்கும். ஒருமுறை ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருக்கும், தினமும் பார்க்கலாம். மழை விட்ட சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் மின்கம்பியைப் பார். தொண்டை துருநிறம், வால் கவை போல் பிரிந்திருந்தால் தகைவிலான்.

ஏரிக்கரை

காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நில், மாலையில் மேற்குக் கரையில். வெயில் உன் முதுகில் விழணும், பறவையின் மேல் விழணும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாமே கறுப்பு வாத்துதான். ஆறு மணிக்குக் கரையில் இருப்பது மாதிரி கிளம்பு.

எங்கே நிற்பது? கலங்கல் வழிகிற ஏரி என்றால் அங்கே முதலில் போ. வழிகிற நீரோடு மீன் வருவதால் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். ஆனால் மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பிவிட்டால் உள்ளான் வகைகளை அங்கே தேடாதே. அவற்றுக்குக் கணுக்கால் ஆழச் சேறு வேண்டும். பக்கத்துச் சம்பா வயல்களைப் பார், அங்கே பொரி உள்ளான் நடந்துகொண்டிருக்கும். சேறு தெரிகிற குட்டைகளில் கொசு உள்ளான் கூட்டமாக மேயும். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், பிறந்தது ஆர்க்டிக் கரையில். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வாத்து விஷயத்தில் இந்தக் கூதிர் காலத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தில் பளபளவென்று இருக்கிற ஆண் வாத்தை எதிர்பார்த்துப் போவாய். அக்டோபர், நவம்பரில் வந்து இறங்கும் ஆண்களில் பல அந்த நிறத்தை உதிர்த்துவிட்டு, பெட்டை மாதிரியே பழுப்பாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில்தான் பகட்டு திரும்பும். நீலச்சிறகிக்கு இன்னும் தாமதமாகும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பார். அலகு கரண்டிபோல் நுனியில் அகன்று, நீரை அளைந்துகொண்டே போனால் தட்டைவாயன். கழுத்து நீண்டு, உடம்பு ஒல்லியாக இருந்தால் ஊசிவால் வாத்து. சின்ன உருவம், முகத்தில் வெளிர்கோடும் கறுங்கோடும் மாறிமாறி ஓடினால் நீலச்சிறகி. நீளவால் இலைக்கோழியும் அப்படித்தான்: அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது, இப்போது இருக்காது.

இன்னொன்று. மிதந்துகொண்டிருந்த கூட்டம் முழுதும் திடீரென்று கிளம்பினால் கூட்டத்தைப் பார்க்காதே, அதற்கு மேலே பார். சேற்றுப் பூனைப்பருந்து இறக்கையை வி போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாணல் மேல் தாழப் பறந்து வருவது தெரியும். அதுவும் குளிர்கால விருந்தாளிதான்.

வேடந்தாங்கலுக்கு இந்த மாதங்களில் போனால், நத்தைகுத்தி நாரை குச்சி சுமந்து கூடு கட்டுவதைப் பார்க்கலாம். அலகு இரண்டும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி தெரியும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பறவைகள் இரை தேடித் திரும்பும் நேரம் சிறப்பு. வாத்தும் உள்ளானும்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கிற கரிக்கிலிக்குப் போ, கூட்டமும் குறைவு. வேடந்தாங்கல் பறவைகளைக் காத்தது முதலில் ஊர்க்காரர்கள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 1798-ல், லயனல் பிளேஸ் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த காலத்திலேயே பறவைகளுக்குப் பாதுகாப்பு கேட்டுப் பெற்றார்கள். சென்னைக்குள்ளேயே இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. தெற்கே என்றால் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம். இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து அங்கே வரும், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை.

ஆற்றுப் பக்கம்

தாமிரபரணியோ காவிரியோ, படித்துறையில் காலையில் அரை மணி உட்கார்ந்தாலே போதும். படியோரமாக உடம்பின் பின்பாதியை ஓயாமல் ஆட்டிக்கொண்டு தனியாக நடப்பது உள்ளான். கிளம்பினால் தண்ணீரை ஒட்டியே, இறக்கையை விறைப்பாகப் படபடத்துப் போகும். நடு ஆற்றுக்கு மேல் ஒரே இடத்தில் நின்று இறக்கை அடித்து, நேர்க்கீழே பாய்வது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி; அது உள்ளூர்ப் பறவை. ஒன்று சொல்கிறேன், அணை திறந்திருக்கிற நாட்களில் ஆற்று மணலில் இறங்காதே. பாலத்திலிருந்தும் படித்துறையிலிருந்தும் பார்த்தால் போதும்.

என்ன எடுத்துக்கொண்டு போகணும்?

பைனாகுலர் வாங்குவதானால் 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ளதை வாங்கு. 12, 20 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். உருப்பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், பறவை பார்வைக்குள் நிற்காது. கேமரா முதல் வருஷம் வேண்டாம் என்பேன். படம் எடுக்கிற அவசரத்தில் பார்ப்பது நின்றுபோகிறது.

துணி பச்சையோ காக்கியோ மண்நிறமோ இருக்கட்டும். மழைக்கால ஏரிக்கரையில் கண்ணாடிவிரியன் இருக்கும், செருப்போடு புல்லில் இறங்காதே, ஷூ போடு. தனியாகப் போகாமல் ஒரு துணையோடு போ, எந்த ஏரி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ. பல இடங்களில் கழிப்பறை இருக்காது, அதை யோசித்துக் கிளம்பு. இடி முழங்கினால் கரையில் நிற்காதே, மரத்தடியிலும் ஒதுங்காதே, வண்டிக்குள் போய்விடு.

பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிபவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து இறங்கிய பறவை இழந்த சதையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அது குறைகிறது. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். தீபாவளி இந்தக் காலத்தில்தான் வருகிறது. கூந்தன்குளத்திலும், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் ஊரே வெடி வெடிப்பதில்லை. உன் தெருவுக்குப் பக்கத்தில் ஏரி இருந்தால், மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளலாமே என்று நாலு வீட்டில் பேசிப் பார். குழந்தைகள் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள்.

கடைசியாக நோட்டு. தேதி, நேரம், இடம், வானிலை, எந்தப் பறவை, எத்தனை. முக்கியமாக, ஒவ்வொரு வகையையும் முதன்முதலில் பார்த்த தேதியைத் தனியாக எழுது. இரண்டு மூன்று வருஷம் சேர்ந்தால் உன் தெருவுக்குக் கீச்சான் எந்த வாரம் வரும் என்று உனக்கே தெரியும். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலி இலவசம், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதை அப்படியே எழுதாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ கட்டிய பறவை தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுது. கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்தான். பார்த்ததை எல்லாம் இ-பேர்ட் தளத்திலும் ஏற்று. இப்போதே பழகிவிட்டால் ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீயும் சேரலாம். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிவது, அவ்வளவுதான். உன் வீட்டு மொட்டைமாடியும் கணக்கில் உண்டு.