உடல் முடங்கினால் கடன் என்னாவது?

வியாபாரிக்கு ஓய்வூதியம் கிடையாது. அரச உத்தியோகத்தர் நோயில் விழுந்தால் அவருக்கு லீவு இருக்கிறது, பின்னர் ஓய்வூதியமும் இருக்கிறது. கம்பனியில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. கடை வைத்திருப்பவருக்கோ கடை திறந்தால்தான் வருமானம். கடையைப் பூட்டிய நாளில் வருமானம் நின்றுவிடும், கடன் மட்டும் நிற்காது. தவணைத் திகதியும் காசோலைத் திகதியும் யாருடைய நோயையும் பார்த்து வருவதில்லை.

எமது வியாபாரிகள் மத்தியில் சீனி வருத்தத்தினால் கால் இழந்தவர்களும், பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களும் இல்லாத ஊர் குறைவு. அப்படியான ஒருவர் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவில் காலம் தள்ளும்போது பழைய வியாபாரக் கடனை எப்படித் தீர்ப்பது? அதிலிருந்து நிவாரணம் தேட வழி உண்டா? இதைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். கடன் பட்டவருக்கு மட்டுமல்ல, கடன் கொடுத்தவருக்கும் இதில் பாடம் உண்டு.

முதலில் கணக்கைப் பாருங்கள்

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வைத்தியச் சான்றிதழும் வருமான விபரமும் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கடை வாடகை வந்தால் அதையும் எழுதுங்கள். பொய் எழுதிப் பெற்ற உதவி பின்னர் வேறொரு தொல்லையாக வந்து நிற்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒருவருக்கு 24 இலட்சம் ரூபா கடன் இருக்கிறது என்று வையுங்கள். அவர் சாப்பிடாமல், மருந்து வாங்காமல், கொடுப்பனவு முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் 240 மாதங்கள் ஆகும். அதாவது 20 வருடங்கள், அதுவும் வட்டி எதுவும் ஏறாமல் இருந்தால். ஆகவே கொடுப்பனவைக் கடனுக்காகக் கணக்கில் எடுப்பதில் அர்த்தமில்லை. அது வயிற்றுக்கும் மருந்துக்கும் உரிய பணம். கடன் வேறு வழியில்தான் தீர வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென்றே 2009 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சொத்தும் மிச்ச வருமானமும் மிகக் குறைவாக உள்ளவர் விண்ணப்பித்தால், 12 மாதங்களுக்குக் கடன்காரர்கள் அவரைத் தொந்தரவு செய்ய முடியாது. அதன் பின் அந்த ஏற்பாட்டில் சேர்க்கப்பட்ட கடன்கள் நீங்கிவிடும். 2024 ஏப்ரலில் அதற்கான 90 பவுண் கட்டணமும் நீக்கப்பட்டது. உதவிப் பணத்தில் வாழும் நோயாளிகள் பலருக்கு அது ஒரு வாசல். எமது நாட்டில் அப்படி இலகுவான வாசல் இல்லை. 1853ஆம் ஆண்டின் வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தை நம்பிச் சாதாரண வியாபாரி நீதிமன்றப் படி ஏறியதை நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே நிவாரணம் என்பது பெரும்பாலும் பேசிப் பெறுவதுதான். பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

நான் கண்ட ஒரு விடயம்

என்னிடம் துணி எடுத்து விற்ற ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டது. அவருடைய கடன் மேற்சொன்ன 24 இலட்சம்தான். இரண்டு பேர் பிணை நின்ற வங்கிக் கடன் 9 இலட்சம். சிறிய லொறியின் லீசிங் 4 இலட்சம். என்னையும் சேர்த்து ஆறு மொத்த வியாபாரிகளுக்கு 8 இலட்சம். உறவினர்களிடம் வாங்கிய கைமாற்று 3 இலட்சம்.

வைத்தியசாலையில் இருந்து வந்தவர் போனை அணைத்துவிட்டார். மகன் கடையைப் பூட்டினான். மறுவாரம் ஒரு காசோலை வங்கிக்குப் போக இருந்தது. அதை மாற்ற நாள் வட்டிக்காரர் ஒருவரிடம் பணம் எடுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவருடைய மச்சான் என்னிடம் வந்தார். “நாநா, நீங்களும் கடன் கொடுத்தவர்தான். ஆனாலும் என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார். நானும் இன்னொரு மொத்த வியாபாரியும் அவருடைய வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அங்கே செய்ததை ஒழுங்கு முறையாக எழுதுகிறேன்.

ஒன்று: காசோலை

பிந்திய திகதியிட்ட காசோலைகள்தான் முதல் ஆபத்து. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ், கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது குற்றமாகும். சாதாரணக் கடன் காசோலையால் பொலிசுக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் போய்விடலாம். ஆகவே காசோலை யார் யாரிடம் இருக்கிறது என்று எழுதி, திகதி வருவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். புதிய காசோலை ஒன்றும் எழுதக் கூடாது. கடனை அடைக்கக் கடன் வாங்கவே கூடாது. அன்றைக்கே ஆறு பேரையும் அழைத்துச் சொன்னோம். ஐந்து பேர் காசோலையை வங்கியில் போடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆறாமவரிடம் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

இரண்டு: காப்புறுதி

வங்கிக் கடன் எடுக்கும்போது பல இடங்களில் கையொப்பம் வைக்கிறோம். அதில் ஒரு தாள் கடன் பாதுகாப்புக் காப்புறுதியாக இருக்கலாம். தகாபுல் முறையிலும் இது உண்டு. மரணத்துக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஒப்பந்தங்களில் நிரந்தர முழு இயலாமையும் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். இயலாமைக்கு அந்த ஒப்பந்தம் என்ன பொருள் சொல்கிறது என்பதையும் வாசிக்க வேண்டும். இவருடைய கோவையில் அந்தத் தாள் யாரும் பார்க்காமல் கிடந்தது. வைத்திய அறிக்கையோடு விண்ணப்பித்து, மேலதிகப் பரிசோதனைகளும் முடிந்து, சில மாதங்களின் பின் வங்கிக் கடன் அதிலேயே தீர்ந்தது. பிணை நின்ற இரண்டு குடும்பங்களும் மூச்சு விட்டன.

காப்புறுதி இல்லாவிட்டால் வங்கிக்கு எழுத்து மூலம் அறிவித்துத் தவணையை மாற்றிக் கேளுங்கள். கஷ்டத்தில் விழுந்த தொழில்களைக் கவனிக்க வங்கிகள் தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்று மத்திய வங்கி 2024இல் பணித்தது. வீடோ காணியோ வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் தாமதிக்க வேண்டாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி நீதிமன்றம் போகாமலேயே அதை ஏலத்தில் விடலாம். 2024இல் அரசு இந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. அதை நிரந்தரப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

தனி ஆளிடம் காணியை ஈடு வைத்தவர்களுக்கும், மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு உறுதி எழுதிக் கொடுத்தவர்களுக்கும் கடன் இணக்க சபை இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. மீட்கும் தவணை முடிந்த பின் ஓடிப் பயனில்லை. தவணை முடிய முன்பே போக வேண்டும்.

மூன்று: ஓடும் கடனை நிறுத்துதல்

ஓட்ட ஆளில்லாத லொறிக்கு மாதா மாதம் தவணை கட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. லீசிங் கம்பனி வந்து பறித்தெடுத்தால் அவர்கள் விற்ற விலைதான் விலை. நாமே கம்பனியின் சம்மதத்தோடு ஆள் பார்த்து விற்றால் நியாயமான விலை வரும். அப்படி விற்றதில் லீசிங் 4 இலட்சமும் முடிந்து, ஒன்றரை இலட்சம் மிஞ்சியது.

நான்கு: எல்லோருக்கும் ஒரே தராசு

பெரும்பாலான இணக்கங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுப்பார்கள், பொறுத்திருப்பவர் ஏமாறுவார். அது தெரிந்தால் எல்லோருமே சத்தம் போடுவார்கள். நாங்கள் ஆறு பேரையும் ஒரே நாளில் உட்கார வைத்து, ஒரே தாளில் கணக்கைக் காட்டினோம். கடையில் விற்காமல் இருந்த சரக்கில் 3 இலட்சம் பெறுமதியானதைக் கொடுத்தவர்களே திருப்பி எடுத்தார்கள். லொறியில் மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை அவரவர் கடனின் அளவுக்கேற்பப் பிரித்தோம். மீதி மூன்றரை இலட்சம். ஆறு பேரில் இல்லாத இரண்டு தனவந்தர்கள் ஸகாத்திலிருந்து ஓர் இலட்சம் கொடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து 50,000 ரூபாவை விட்டுக்கொடுத்தோம். கடைசியில் நின்றது 2 இலட்சம்.

கடையை ஒருவருக்கு மாதம் 25,000 ரூபா வாடகைக்குக் கொடுத்தார். அதில் 8,000 ரூபா கடனுக்கு, 25 மாதத் தவணை. மிகுதி வீட்டுச் செலவுக்கு. கொடுப்பனவு கிடைத்தால் அது மருந்துக்கு, அதில் யாரும் கை வைப்பதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். உறவினர்களின் 3 இலட்சம் இதன் பின்னர்தான். அவர்கள் அதற்குச் சம்மதித்தார்கள்.

ஐந்து: எழுத்தில் இருக்கட்டும்

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி எமது மார்க்கமே சொல்கிறது. எமது நாட்டுச் சட்டத்திலும் அதற்குக் காரணம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த சரக்கின் கடனுக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதனால்தான் சில மொத்த வியாபாரிகள் அவசரமாகச் சட்டத்தரணியிடம் ஓடுகிறார்கள். கடன் பட்டவர் “இவ்வளவு தர வேண்டும்” என்று கையொப்பமிட்டுக் கொடுத்தால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். கொடுத்தவரின் பயம் போய்விடும், அவர் பொறுத்திருப்பார். காலம் கடந்தால் சட்டத்தின் முன் கடன் செத்துப் போகலாம். அல்லாஹ்வின் முன் அது சாவதில்லை என்பது எமக்குத் தெரியும்.

பேச்சு சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச வேண்டிய தேவையில்லை.

கடன் கொடுத்தவர்களுக்கு

வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுத்தாலும் எடுக்க ஏதாவது இருக்க வேண்டும். உடுக்கும் உடை, படுக்கை, தொழில் செய்யும் கருவி போன்றவற்றைக் கடனுக்காகக் கைப்பற்ற முடியாது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளியின் வீட்டில் அதற்கு மேல் என்ன இருக்கப் போகிறது? சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்து இழப்பதை விட, மாதம் ஆயிரம் ஒழுங்காக வருவது மேல்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. “அவர் தர வேண்டியதை விட்டுக்கொடுத்து, அதை என் ஸகாத்தில் கழிக்கலாமா?” ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர் என்பது உண்மைதான். ஆனால் வராத கடனை ஸகாத்தாகக் கழிப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். நானும் மற்றவரும் விட்டுக்கொடுத்த 50,000 ரூபாவை எங்கள் ஸகாத் கணக்கில் சேர்க்கவில்லை.

கால் நன்றாக இருக்கும்போதே

இன்று ஓடி ஆடி வியாபாரம் செய்பவர்கள் இந்த வாரமே நான்கு வேலைகளைச் செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடம் எந்தக் காசோலை இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி, அது இருக்கும் இடத்தை மனைவிக்கோ மகனுக்கோ சொல்லுங்கள். வங்கிக் கடனுக்குக் காப்புறுதி இருக்கிறதா, அதில் இயலாமை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் நிரந்தர இயலாமைக்கும் உதவி உண்டு. அதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நான்காவது, சீனியைப் பரிசோதித்துப் பாருங்கள்.

ஏற்கனவே விழுந்துவிட்டவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. போனை அணைக்காதீர்கள். மறைந்திருப்பவரை ஏமாற்றுக்காரன் என்று சந்தை முடிவு செய்துவிடும். “என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதோ கணக்கு” என்று தாளை நீட்டுபவரோடு உட்கார்ந்து பேச ஆட்கள் வருவார்கள். அந்தச் சில்லறைக் கடைக்காரர் இதை எழுதும் வரை நான்கு தவணை கட்டியிருக்கிறார். ஒன்றாவது பிந்தவில்லை.