கூதிர்ப் பருவமும் ஒளிப்படக் கண்ணும்

ஒளிப்படம் எடுக்கப் பழகும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, இலையுதிர்காலப் படம் எடுக்க எங்கே போக வேண்டும்?" அவர்கள் நெஞ்சில் நிற்பவை நாட்காட்டிகளிலும் அயல்நாட்டு இதழ்களிலும் கண்ட செம்பொன் நிற மரங்கள். நாசரேத்தைச் சுற்றி அத்தகைய மரக்கூட்டம் எதுவும் இல்லை. இருப்பவை பனையும் உடையும் வேம்பும் வாழையுமே. ஆதலின் அப்பருவத்திற்குரிய அழகும் இவ்வூரில் இல்லை என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு பிழையானது. பிழைக்குக் காரணம் கண் அன்று, சொல் என்பதே என் கருத்து.

பருவத்தின் பெயர்

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மேலைநாட்டார் இலை உதிரக் காணும் மாதங்களில் நாம் மழையையும் வாடையையும் காண்கிறோம். பள்ளிப் பாடநூல்கள் அவர்தம் பருவப் பெயரை 'இலையுதிர்காலம்' என மொழிபெயர்த்துத் தந்தன. அச்சொல் அவர்கள் நிலத்திற்குப் பொருந்தும். நம் நிலத்தில் ஐப்பசி பிறந்தால் இலை உதிர்வதில்லை, துளிர்க்கிறது. வேம்பு தன் இலையைச் சொரிவது பின்பனியிலே, மாசித் திங்களை ஒட்டி. நாட்டு வாதுமை மட்டும் இலை சிவந்து உதிர்க்கும். அதுவும் ஆண்டுக்கு இருமுறை உதிர்க்குமாதலால் பருவத்திற்குச் சான்றாகாது.

கூதிரைத் தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்கு உரிமையாக்கினார். செம்மணல் தேரிக்கும் மலைநிலப் பருவத்திற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு விடையாகப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை நிற்கிறது. 188 அடிகளில் நக்கீரர் காட்டும் கூதிர், மலையில் மட்டும் நிகழ்வதன்று. மேய்ச்சல் நிலத்திலும் வயலிலும் தெருவிலும் அரண்மனை உள்ளறையிலும் அது புகுகின்றது. பால் உண்ண வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது; குரங்கு கூனிக் குறுகுகிறது; மாடப்புறா இரவு பகல் அறியாது கால் மாற்றி நிற்கிறது. பொழுது சாய்ந்ததைப் பெண்டிர் வானத்தைப் பார்த்து அறிய இயலாமல், பறித்து வைத்த மலரரும்பு விரிவதைக் கொண்டு அறிகின்றனர். கோடையில் ஓயாது அசைந்த விசிறி சும்மா தொங்குகிறது. குளிரால் பண் திரிந்த யாழைச் சூடேற்றிச் சரிசெய்கின்றனர். இவற்றுள் எதுவும் வியத்தகு நிகழ்ச்சி அன்று. எல்லாம் அன்றாடம் காண்பவை. ஒளிப்படம் பயில்வார்க்கு இதனினும் சிறந்த பாடநூல் தமிழில் இருப்பதாக யான் அறியேன்.

நெல்லை தந்த முன்னோடி

'அமெச்சூர்' என்று நாம் வழங்கும் சொல்லின் மூலப்பொருள் அன்பு கொண்டவன் என்பதாம். வழக்கில் அது கற்றுக்குட்டியைக் குறிப்பதாகத் தாழ்ந்துவிட்டது. மூலப்பொருளிலேயே அச்சொல்லுக்கு உரியவர் ஒருவர் நம் பகுதியில் பிறந்தார். அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தாவரவியலும் சட்டமும் பயின்றும் அவ்வழியில் வாழ்வை நடத்தாமல், எழுத்தையும் ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் கைக்கொண்டார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல், மறைந்த 1996 வரை இயற்கை பற்றிய தொடர் பத்தியை எழுதிவந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரன், நூலுக்கு 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று பெயரிட்டது நம் பொருளுக்கு மிகவும் இயைகின்றது.

கிருஷ்ணன் கருப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். விலையுயர்ந்த கருவி ஒன்றை நாடாமல், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒன்றைச் சமைத்துக்கொண்டார். யானையையும் காட்டெருமையையும் பற்றி எழுதிய அதே கை, காகத்தையும் அணிலையும் பல்லியையும் பற்றி எழுதிற்று. வீட்டு முற்றத்துக் காகம் காட்டு யானைக்குச் சற்றும் குறைந்த பொருளன்று என்னும் இந்நோக்கே அவரிடம் நாம் முதற்கண் கற்க வேண்டுவது. கருவியின் பெருமையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தேரியும் பனையும் குளமும்

நான் படம் பிடிக்கப் பழகியது ஆக்பா கிளிக் மூன்று என்னும் எளிய கருவியில். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஆகவே ஒரு மழைக்காலம் முழுவதற்கும் இரண்டு சுருள்களே என்று வகுத்துக்கொள்வேன். அந்தச் சிக்கனம் பார்வைக்கு நன்மையே செய்தது என்று இன்று தோன்றுகிறது. ஆயிரம் படம் எடுக்கும் கருவியைக் கையில் வைத்திருப்பவன் எதையும் நின்று பார்ப்பதில்லை.

முதல் மழைக்குப் பின் விடியலில் தேரிக்குச் செல்ல வேண்டும். தேரி மணலின் செந்நிறம் மணிகளின் மேற்பூச்சாகப் படிந்துள்ள இரும்பின் துருவால் ஆயது. நனைந்ததும் அச்செம்மை கருத்து, உலையிலிருந்து எடுத்து ஆறவைத்த இரும்பு போலாகிறது. கோடையில் காற்று எந்தச் சுவட்டையும் நிற்கவிடாது. கூதிரிலோ ஈர மணல் இரவில் நடந்த எல்லாவற்றையும் காலைவரை காத்து வைத்திருக்கும். முயல் தாவியது, கௌதாரி நடந்தது, கீரி குறுக்கே ஓடியது எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். சாய்ந்த காலையொளியில் குந்தியிருந்து எடுத்தால்தான் அச்சுவடுகள் படத்தில் எழும். கதிரவன் உயர்ந்தபின் தட்டையாகிவிடும். பழந்தமிழர் மூதாய் என்ற செம்பட்டுப் பூச்சியும் அப்போது வெளிவரும். செம்மணலில் செந்நிறப் பூச்சி கருப்பு வெள்ளைப் படத்தில் காணாமலே போய்விடும். அருகம்புல்லின் மேல் அது ஏறும்வரை காத்திருந்து காத்திருந்து ஒரு முற்பகலைத் தொலைத்திருக்கிறேன்.

பதநீர்ப் பருவம் ஆடியோடு முடிந்துவிடுவதால் கூதிரில் பனைகள் ஏறுவாரின்றி ஓய்ந்து நிற்கும். ஆயினும் பனையின் வேலை ஓய்வதில்லை, நிலத்துக்குள்ளே நடக்கிறது. புதைத்து வைத்த கொட்டைகள் பாத்தியில் கிழங்கு விடும். முளைத்த கொட்டையைப் பிளந்து தவுன் தின்னும் சிறுவரின் முகத்தைப் படமெடுப்பதற்கு ஈடான இன்பம் இல்லை. கருப்பட்டி ஈரங்கண்டு இளகாதவாறு அடுப்படிப் பரணில் ஏறியிருக்கும். கார்த்திகைத் திருநாளுக்குப் பனங்குருத்தில் மாவைப் பொதிந்து அவித்த ஓலைக் கொழுக்கட்டையின் ஆவியைப் பின்னொளியில் பிடிக்க நான் ஐந்தாறு ஆண்டுகள் முயன்றேன். ஆவி படத்தில் விழுந்த ஆண்டில் கொழுக்கட்டை ஆறிப்போயிற்று என்று வீட்டார் இன்றும் சொல்லிக் காட்டுவர்.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் தென்கால் நீர் கடம்பாகுளம் முதலிய குளங்களை நிறைக்கின்ற காலமும் இதுவே. பிசான நடவு நடக்கும் வயலில் பெண்கள் குனிந்த வரிசைக்குப் பின்னால் வெண்கொக்குகள் நிமிர்ந்த வரிசையாக நிற்கும். வடக்கிருந்து வலசை வரும் தகைவிலான்கள் மின்கம்பிகளில் அமரும். அந்தியில் தோட்டத்துப் புதரிலிருந்து ஆறுமணிக் குருவி குரல் கொடுக்கும். நேரம் தவறாது கூவுவதால் மக்கள் அதற்கு இப்பெயர் சூட்டினர். படத்தில் அக்குருவி எனக்கு ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. நிலைய நடைமேடையில் ஒரே குடையின்கீழ் நான்கு பள்ளிச் சிறுமியர் திருச்செந்தூர் வண்டிக்குக் காத்திருக்கும் காட்சியோ, 1923இல் இத்தடம் திறக்கப்பட்ட நாள்தொட்டு ஏதோ ஒரு வடிவில் இங்கே நிகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

மேகம் தரும் ஒளி

மழைநாளில் ஒளி போதாது, படம் வராது என்பது மாணவர் பலரின் எண்ணம். கோடையில் வேப்பமர நிழலில் காசு காசாக வட்ட ஒளிகள் கிடப்பதைக் காண்கிறோம். இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு நுண்துளையாகிக் கதிரவனின் உருவத்தையே தரையில் வீழ்த்துகிறது. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு அல்-ஹைதம், கிரகணத்தின்போது நுண்துளை வழியே விழும் ஒளி பிறைவடிவு கொள்வதை ஆராய்ந்து எழுதினார். இன்றைய ஒளிப்படக் கருவிக்கு அந்த இருட்டறை ஆய்வே மூதாதை. 2010 சனவரி 15இல் கங்கண சூரிய கிரகணம் நம் கடற்கரைக்கு மேலே நிகழ்ந்தபோது, மரநிழலில் காசுகளுக்கு மாறாக வளையல்கள் கிடந்தன.

கூதிரில் இக்காசுகள் மறைந்துவிடுகின்றன. ஒளி ஒரு புள்ளியிலிருந்து வராமல் வானம் முழுவதிலிருந்தும் பரவி வருவதால் நிழலுக்கு விளிம்பில்லை. கோடை வெயிலில் கண்குழியிலும் மூக்கின் கீழும் கறுத்துத் தெரியும் முதியோர் முகம், மேகமூட்டத்தில் ஒவ்வொரு சுருக்கமும் மென்மையாய்த் துலங்கத் தோன்றுகிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியைப் படமெடுக்க ஐப்பசி முற்பகலே ஏற்ற காலம். கருவியை மட்டும் ஈரத்திலிருந்து காக்க வேண்டும். ஆடியில் பூஞ்சை படர்ந்தால் அதை நீக்குவது அரிது. யாழுக்கு நேர்ந்தது கருவிக்கும் நேர்கிறது.

நக்கீரரின் முதற்காட்சி

இதுவரை எழுதியவற்றை வைத்து, கூதிர் என்பது கண்ணுக்கு விருந்து என்று ஒருவர் முடிவுசெய்யின் அது அரைகுறைப் பாடமாகும். நெடுநல்வாடை தொடங்கும் இடம் யாது? வெள்ளத்தை வெறுத்த கோவலர் தம் நிலத்தைப் பிரிந்து, ஆநிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் சென்று, நனைந்து நடுங்கித் தீக்காய்கின்றனர். புலவர் பருவத்தின் அழகை விரிக்குமுன் அதனால் இடம்பெயர்ந்தோரை முன்னிறுத்துகிறார். பல ஆண்டுகள் இப்பாட்டைப் பாடம் சொல்லியும் இவ்வரிசையின் பொருள் எனக்கு விளங்கவில்லை.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். கூதிர் கழிந்து முன்பனி பிறக்கும் அன்று தொடங்கிய மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. இம்மாவட்டம் ஓராண்டு முழுதும் சராசரியாகப் பெறுவதனினும் இது மிகுதி. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைகடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது. மீட்பு வந்து சேரும்வரை அருகிலிருந்த புதுக்குடி மக்கள் தம்மிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர்.

அந்நாட்களில் நான் ஒரு படமும் எடுக்கவில்லை. அது பண்பு என்று பெருமை கொள்ளவும் மாட்டேன்; எடுத்தவர்களின் படங்களாலேயே வெளியுலகம் இங்கு நடந்ததை அறிந்தது. நீர் வடிந்த பின்னரே என் கருவிக்கு வேலை வந்தது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் நனைந்து ஒட்டிப்போன தம் திருமணத் தொகுப்பைக் கொண்டுவந்து, "இதை எப்படியாவது பிரிச்சுத் தாங்கய்யா" என்றார். காய்ந்தபின் இழுத்தால் உருவம் உரிந்துவிடும். தூய நீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்த வேண்டும். செய்தி பரவவே இன்னும் பல வீடுகளிலிருந்து படங்கள் வந்தன. முற்றத்தில் பனம்பாயை விரித்து அவற்றைப் பரப்பினோம். மணமக்கள், குழந்தைகள், மறைந்துபோன தாத்தாக்கள் என்று ஊரின் பாதி முகங்கள் அங்கே கிடந்தன. அழியும் நிலையில் இருந்தவற்றை மேகமூட்டத்தின் ஒளியில் மீண்டும் படமெடுத்தேன். அம்மையாரின் தொகுப்பில் பதினொரு படங்கள் தேறின. ஒன்றில் மணமகன் முகம் மட்டும் கரைந்துபோயிருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார்; எடுத்துக் கொடுத்தேன்.