முதற் படமும் பிற்படமும்

எக்கலையாயினும் முதன்முயற்சி ஒன்று. முதிர்ந்த ஆக்கம் பிறிதொன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கலைஞன் எங்ஙனம் கடக்கின்றான் என்பதை ஆராய்தல் மாணாக்கர்க்குப் பெரும்பயன் தருவதாகும். கைத்தொலைபேசி ஒன்றைக்கொண்டே குறும்படம் எடுக்கவியலும் இந்நாளில் எமது மாணவர் சிலரும் அம்முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். ஆதலின், இலங்கையிற் பிறந்த இருவரது வளர்ச்சியை முன்வைத்து இதனைச் சிறிது நோக்குவாம்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இலண்டனிற் பத்திரிகையாளராக இருந்த காலத்தில், 1949 இல், ‘சொலிலொக்கி’ என்னும் குறும்படத்தைத் தொழில்முறை சாராக் கலைஞராகவே எடுத்தார். பின்னர்த் தாயகம் மீண்டு, அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படங்களை ஆக்கினார். 1956 இல் வெளிவந்த ‘ரேகாவ’ படத்திற்காகக் கமெராவைக் கலையகத்தினின்றும் கிராமத்து வெளிக்குக் கொணர்ந்தார். எனினும், அதிற் பாடல்கள் இருந்தன. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963 இல் எடுத்த ‘கம்பெரலிய’விலோ பாடலும் ஆடலும் அகன்றன, முகக்குறிப்பும் மௌனமுமே கதை கூறின. 1965 இற் புதுடில்லிச் சர்வதேசத் திரைப்பட விழாவில் அப்படம் தங்கமயில் விருதைப் பெற்றது.

மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இற் பிறந்தவர் பாலு மகேந்திரா. மாணவப் பருவத்துச் சுற்றுலாவின்போது டேவிட் லீன் நடத்திய படப்பிடிப்பைக் கண்டதே தம்மை இத்துறைக்கு ஈர்த்தது என அவரே கூறியுள்ளார். பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1969 இல் தங்கப்பதக்கம் பெற்றார். ‘நெல்லு’ (1974) என்னும் மலையாளப் படம் அவரது ஒளிப்பதிவுத் திறனைப் புலப்படுத்தியது. 1977 இல் ‘கோகிலா’ என்னும் கன்னடப் படத்தால் இயக்குநருமானார். அதிலும் பாடல்கள் உண்டு. 1988 இல் வெளிவந்த ‘வீடு’ படத்திலோ பாடல் ஒன்றேனும் இல்லை. சொந்த வீடு கட்ட முயலும் நடுத்தரக் குடும்பப் பெண்ணொருத்தியின் இடர்ப்பாடே அதன் பொருள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நெறியாள்கை மூன்றையும் அவரே செய்தார். சிறந்த தமிழ்ப் படத்திற்கான இந்தியத் தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

இவ்விருவர் வரலாற்றினின்றும் நாம் அறியக்கிடப்பது யாது? கருவி பெருகியமையால் அவர்தம் திறன் வளர்ந்ததன்று. வேண்டாதவற்றை விலக்கக் கற்றமையாலேயே வளர்ந்தது. தொடக்கநிலையினன், “என்னால் எதையெல்லாம் காட்டவியலும்?” என வினவுகின்றான். பயின்றவனோ, “இக்கதைக்கு எது வேண்டும்?” என வினவுகின்றான்.

இவ்வேறுபாடு தொழில் நுட்பத்தின் ஒவ்வொரு கூற்றிலும் விளங்கும். புதியவன் கமெராவை ஓயாது அசைப்பான். பயின்றவன் அதனை நிறுத்திவைத்து, மாந்தரை அசையவிடுவான். புதியவன் நண்பகல் வெயிலில் முகத்தைப் படம் பிடிப்பான்; கண்குழிகளில் நிழல் வீழ்ந்து முகபாவம் மறையும். பயின்றவன் காலை ஒளிக்கோ, சன்னலோரத்து ஒளிக்கோ காத்திருப்பான். எமது இரத்தோட்டை மலைகளில் இறங்கும் மூடுபனி, கடுநிழலை நீக்கி முகத்தை மென்மையுறக் காட்டவல்லது. அது பணம் கொடாமலே கிடைக்கும் ஒளி. ஒலியும் அவ்வாறே. காற்றின் இரைச்சலை மறைக்க இசையைக் கொட்டுவான் புதியவன். பேசுவோர்க்கு அருகில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவான் பயின்றவன்.

ஈண்டு எமது பிழையொன்றையும் கூறல் கடனாகும். மாணவனொருவன் தன் முதற் குறும்படத்தை எமக்குக் காட்டினான். றிவர்ஸ்டன் காற்றும், மெதுவாக ஓடும் மேகமும், முடிவுவரை ஓயாத இசையுமாக அது விளங்கியது. யாம் மனமாரப் புகழ்ந்தோம். ஈராண்டின் பின் மூன்றாம் படத்தைக் கொணர்ந்தான். கொழுந்து நிறுக்குமிடத்தில் அவனுடைய தாய் தன் முறைக்காக நிற்கின்றார். கூடை தராசில் ஏறுகின்றது. நிறையைக் கேட்டுவிட்டு ஒரு சொல்லும் கூறாது திரும்புகின்றார். அவ்வளவே. “இசை எங்கே? மலை எங்கே?” என வினவினோம். அவன் மறுமொழி கூறாது சென்றான். அன்றிரவு எமது நினைவில் நின்றது மலையன்று, அத்தாயின் முகமே. மறுநாள் அவனை அழைத்து, “தம்பி, பிழை எம்முடையது” என்றோம். அதற்குள் முதற் படத்தை நாணி அழித்துவிட எண்ணியிருந்தான், யாம் தடுத்தோம்.

மாணவர்களே, முதற் படத்தை அழியாதீர். அடுத்ததனோடு அதனை அருகருகே வைத்துப் பாருங்கள். எதைக் கைவிட்டீர்கள் என்பதை அது காட்டும். பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவருமாகிய நாம் புகழும்போது சற்று நிதானிப்போமாக. பகட்டை மட்டும் புகழின், பிள்ளைகள் பகட்டையே வளர்ப்பர். தம் ஊரின் ஒளியிலே தம் தாயின் முகத்தைக் காணத் துணிந்த பிள்ளை நமக்கு முன்னே சென்றுவிட்டான். அவனைப் பின்தொடர்ந்து காண்பதே நமது கடன்.