பழைய மானிட்டர் போடும் சத்தங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் எல்லோரும் எல்லா பாகங்களையும் புதிதாகவே வாங்குவதில்லை. சிபியு மட்டும் புதியதாக இருக்கும். மானிட்டர், உறவினர் வீட்டுப் பரணில் கிடந்ததாகவோ, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான்களோடு பேரம் பேசி வாங்கியதாகவோ இருக்கும். பின்புறம் பானை போலப் புடைத்திருக்கும் சிஆர்டி மானிட்டர்களைத்தான் சொல்கிறோம். புதிய சிஆர்டி மானிட்டர்கள் இப்போது கடைகளுக்கு வருவதில்லை. ஆகவே உங்கள் மேஜையில் இருப்பது குறைந்தது பத்துப் பதினைந்து வயதானது. அது சத்தம் போட்டால் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?

முதலில், சத்தம் மானிட்டரில் இருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யவும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரை மட்டும் அதன் பட்டனில் ஆப் செய்து பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் அது சிபியு பேன், ஹார்ட் டிஸ்க் அல்லது யுபிஎஸ். "டிட்டிடி டிட்டிடி" என்று விட்டு விட்டு வந்தால், பக்கத்தில் 2ஜி சிம் போட்ட பட்டன் போன் இருக்கிறதா பாருங்கள். அழைப்பு வரும் முன் அதன் சிக்னல் ஸ்பீக்கர் ஒயரில் ஏறி இப்படிக் கேட்கும். போனைத் தள்ளி வைத்தால் போதும்.

மானிட்டரை ஆன் செய்ததும் "தொம்ம்" என்று ஒரு சத்தம் வந்து, படம் ஒரு முறை குலுங்கி நிற்கும். புதியவர்கள் பலரும் பயப்படுவது இதற்குத்தான். இது பழுதல்ல. பிக்சர் டியூபைச் சுற்றி ஒரு காயில் உள்ளது. டியூபின் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் திரையில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அதை நீக்க, ஆன் செய்யும்போது இந்தக் காயிலில் சில விநாடிகள் கரண்ட் பாய்ந்து அடங்குகிறது. இதற்கு 'டிகாஸ்' என்று பெயர். மானிட்டர் மெனுவிலும் இந்தப் பெயரில் ஒரு வசதி இருக்கலாம். ஸ்பீக்கரை ஒட்டி வைத்ததால் திரையின் ஓரம் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறினால், ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு இதைப் பயன்படுத்தவும். அடுத்தடுத்து அழுத்திப் பயனில்லை. உள்ளே இருக்கும் பாகம் சூடு ஆறினால்தான் மறுபடி முழு வேகத்தில் வேலை செய்யும். அரை மணி நேரம் பொறுங்கள். "தொம்ம்" அடங்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் மட்டும் ஆப் செய்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டவும்.

ரெசல்யூஷன் மாறும்போது வரும் "டக்", உள்ளே உள்ள ரிலே சுவிட்ச் மாறும் ஓசை. ஆன் செய்த கொஞ்ச நேரத்திலும், ஆப் செய்த பிறகும் எப்போதாவது "டிக்" என்று வருவது, சூட்டில் விரிந்து சுருங்கும் பிளாஸ்டிக் கூட்டின் சத்தம். கண்ணாடியின் அருகே கையைக் கொண்டு போனால் ரோமம் சிலிர்த்து "சரசர" என்று கேட்பது நிலை மின்சாரம். இவை மூன்றையும் மறந்துவிடலாம்.

கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போது மட்டும் மானிட்டர் "ம்ம்ம்" என்று முனகினால், காரணம் பெரும்பாலும் யுபிஎஸ்தான். விலை குறைந்த யுபிஎஸ்கள் வீட்டுக் கரண்டைப் போல சீரான அலையைத் தருவதில்லை.

கீச்சென்ற விசில்

பழைய டிவி ஓடும் வீட்டில் குழந்தைகள் "ஏதோ கீச்சுங்குது" என்பார்கள்; தாத்தாவுக்கு ஒன்றும் கேட்காது. இருவர் சொல்வதும் உண்மைதான். நம் நாட்டு டிவியில் படக்கோடுகள் விநாடிக்கு 15,625 முறை வரையப்படுகின்றன. அந்த வேகத்தில் உள்ளே உள்ள காயில்கள் அதிர்கின்றன. இளம் காதுக்கு அது கேட்கும். வயதாக ஆகக் கேட்காது. கம்ப்யூட்டர் மானிட்டரின் வேகம் இன்னும் அதிகம். 640க்கு 480 என்ற அளவில் 60 ஹெர்ட்ஸில் சுமார் 31,500. 1024க்கு 768 அளவில் 75 ஹெர்ட்ஸில் சுமார் 60,000. மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20,000. எனவே நல்ல நிலையில் உள்ள மானிட்டரின் விசில் நமக்குக் கேட்கவே கூடாது. கேட்டால், ஏதோ ஒரு காயில் தளர்ந்திருக்கிறது, அல்லது பவர் சப்ளை பகுதியில் தடுமாற்றம் என்று பொருள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கம்ப்யூட்டரில், டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' தேர்ந்தெடுக்கவும். 'செட்டிங்ஸ்' டேபில் 'அட்வான்ஸ்டு' கிளிக் செய்து, 'மானிட்டர்' டேபில் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றவும். விசிலின் சுருதி மாறினாலோ மறைந்தாலோ, சத்தம் கோடுகள் வரையும் பகுதியைச் சேர்ந்தது. மறையும் ரேட்டிலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். மானிட்டரால் காட்ட முடியாத ரேட்டுகளை மறைக்கும் டிக் குறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தாங்க முடியாத வேகத்தைக் கொடுத்தால் பழைய மானிட்டர் கெட்டுப் போகலாம். சிபியு ஆப் ஆகி, மானிட்டர் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரியும்போது மெல்லிய விசில் வந்தால், மானிட்டரையும் ஆப் செய்துவிடுங்கள்.

கடற்காற்றும் "சர்ர்" சத்தமும்

இனி சொல்வதை, புதுச்சேரி வாசகர்கள், அதிலும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்கள், கவனமாகப் படிக்கவும். கடலோரத் தெருக்களில் ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அதே உப்புக் காற்றுதான் மானிட்டரின் பின்புறத் துளைகள் வழியே உள்ளே போகிறது. உள்ளே சுமார் 25,000 வோல்ட் உள்ளது. அந்த உயர் மின்னழுத்தம் தூசியைக் காந்தம் போல இழுக்கும். தூசியோடு உப்பு படியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்தால் அந்தப் படிவம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். பிக்சர் டியூபில் மாட்டியுள்ள ரப்பர் மூடியைத் தாண்டி மின்சாரம் கசியும்போது "சர்ர்" அல்லது "ஸ்ஸ்" என்று கேட்கும். முற்றினால் "பட் பட்" என்று பொறி பாய்ந்து, ஒவ்வொரு "பட்"டுக்கும் படம் சுருங்கி விரியும். ஒருவித காரமான வாடையும் வரலாம், அது ஓசோன்.

இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. மழைக்காலக் காலையில் ஆன் செய்ததும் "சர்ர்" என்று வரும். பத்து நிமிடத்தில் உள்ளே சூடேறி ஈரம் காய்ந்ததும் நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் பொறி பாய்ந்த வழியில் கரி படிகிறது. அடுத்த முறை மின்சாரம் அதே வழியில் இன்னும் சுலபமாகப் பாயும். முடிவில் உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மர் எரியும். புகை, தீ வரையும் போகலாம். எனவே இந்தச் சத்தம் கேட்டால் "கொஞ்ச நேரம் ஓடட்டும், காய்ந்துவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே சுவரில் உள்ள சுவிட்சை ஆப் செய்து பிளக்கைப் பிடுங்கவும். விளக்கு மட்டும் மினுங்க, படம் வராமல் "டிக் டிக் டிக்" என்று சீராக வந்தாலும் இதையே செய்யவும். உள்ளே எங்கோ ஷார்ட் ஆகி, பவர் சப்ளை நின்று நின்று மறுபடி முயற்சி செய்கிறது என்று அதற்குப் பொருள்.

அடுத்து, ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். சிபியு மூடியைத் திறந்து தூசி தட்டிப் பழகியவர்கள் மானிட்டரையும் அப்படித் திறக்க நினைப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பவர் சப்ளையில் உள்ள பெரிய கண்டென்சரிலும் சுமார் 320 வோல்ட் நிற்கலாம். உயிருக்கே ஆபத்து. பழைய டிவி பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு, டியூபில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு, ரப்பர் மூடியைச் சுற்றிச் சுத்தம் செய்வது தெரிந்த வேலை. ஆரம்பத்திலேயே காட்டினால் பல சமயம் அத்துடன் சரியாகிவிடும். டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்றால் செலவழிக்க வேண்டாம். பழைய எல்சிடி மானிட்டர் ஒன்றைத் தேடுவது லாபம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, பல வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படித் தண்ணீர் பட்ட மானிட்டரை, வெயிலில் வைத்துக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், மெக்கானிக் பார்க்காமல் ஆன் செய்யக் கூடாது. ஈரம் வடிந்தாலும் உப்பும் சேறும் உள்ளேயே இருக்கும்.

மழைக்காலத்தில் மானிட்டரைக் கடல் பக்க ஜன்னலில் இருந்து தள்ளி வைக்கவும். துணி உறை போடுவதானால் ஆப் செய்து சூடு ஆறிய பிறகு போடவும். ஓடும்போது பின்புறத் துளைகளை மூடக் கூடாது. ஈரத் துணியால் துடைப்பது கூடவே கூடாது.

கழித்துக் கட்டும் நிலை வந்தால் குப்பையில் போட்டு உடைக்காதீர்கள். டியூபின் கண்ணாடியில் ஈயம் உள்ளது. டியூப் காற்றில்லாத வெற்றிடம் என்பதால் உடையும்போது கண்ணாடி சிதறும். மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் முழுதாகக் கொடுக்கவும். தூக்கும்போது திரைப் பக்கம் உங்கள் மார்பைப் பார்த்தபடி இருக்கட்டும். எடை முழுவதும் அந்தப் பக்கம்தான்.