அனுப்பிய செல் எது, பெற்ற செல் எது?



புரோஸ்டேட் புற்றுநோயில் வளர்ச்சிக் காரணிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கும் உங்களைப் போன்ற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

உங்கள் இன்குபேட்டரில் பெரும்பாலும் எல்.என்.கேப், பி.சி-3, டி.யு-145 ஆகிய செல் வரிசைகள்தான் இருக்கும். மூன்றும் 1970களில் நோயாளிகளிடமிருந்து வந்தவை. முதலாவது நிணநீர்க் கணுவுக்குப் பரவிய கட்டி, இரண்டாவது எலும்புக்குப் பரவியது, மூன்றாவது மூளைக்குப் பரவியது. ஒன்றுகூட புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து நேராக எடுத்ததல்ல. அண்டைச் செல்களைப் பிரிந்து அவை அரை நூற்றாண்டாகப் பிளாஸ்டிக் தட்டில் தனியே வாழ்கின்றன. செல்களுக்கு இடையிலான சமிக்ஞையைப் பற்றி இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது.

நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். எந்த வளர்ச்சிக் காரணியைப் பற்றி எழுதினாலும் அதை அனுப்பிய செல் எது, பெற்ற செல் எது என்று தனித்தனியே நிரூபியுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

இதற்கான வழியை ஜெரால்ட் கூன்ஹா 1970களிலேயே காட்டிவிட்டார். கருவிலிருக்கும் சுண்டெலியில் புரோஸ்டேட் உருவாகும் இடத்திலிருந்து மீசென்கைமையும் எபிதீலியத்தையும் பிரித்தெடுத்தார். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, வளர்ந்த ஆண் சுண்டெலியின் சிறுநீரக உறைக்கு அடியில் பதித்து வளர்த்தார். ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத ஒரு சுண்டெலி வகை அவருக்குக் கைகொடுத்தது. மீசென்கைமில் ஏற்பி இருந்து எபிதீலியத்தில் இல்லாதபோதும் புரோஸ்டேட் உருவானது. எபிதீலியத்தில் இருந்து மீசென்கைமில் இல்லாதபோது உருவாகவில்லை. சுரப்புப் புரதங்கள் உண்டாவதற்கு மட்டும் எபிதீலியத்தின் சொந்த ஏற்பி தேவைப்பட்டது. உறுப்பை உருவாக்கும் ஹார்மோன் கட்டளை முதலில் பக்கத்துச் செல்லுக்குப் போகிறது, அங்கிருந்துதான் எபிதீலியத்துக்குத் தூது வருகிறது என்பதை வேறெந்த வழியிலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. இன்று கையில் எத்தனை கருவி இருந்தாலும் இந்தச் சோதனையின் அமைப்பை முதலில் மனத்தில் பதியுங்கள்.

அதே அமைப்பு கட்டிக்குள்ளும் பலன் தந்தது. 1999இல் ஓலுமி, கூன்ஹா முதலானோர் வெளியிட்ட கட்டுரையை இரு எபிதீலியம், இரு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று நான்கு கட்ட அட்டவணையாக எழுதிப் பாருங்கள். புற்றின் முதல் படியில் நிற்கும் மனித எபிதீலியச் செல்லோடு கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டைச் சேர்த்தால் பெரிய கட்டி வளர்கிறது. அதே எபிதீலியத்தோடு சாதாரண ஃபைப்ரோபிளாஸ்டைச் சேர்த்தால் அப்படி வளர்வதில்லை. கட்டியின் ஃபைப்ரோபிளாஸ்டை சாதாரண எபிதீலியத்தோடு சேர்த்தாலும் கட்டி இல்லை. அனுப்புபவரும் பெறுபவரும் இருவருமே மாறியிருந்தால்தான் நோய் நகர்கிறது. கட்டங்களில் ஒன்றை விட்டிருந்தாலும் இந்த முடிவு கிடைத்திருக்காது.

2004இல் பௌமிக்கும் ஹரால்ட் மோசஸ் குழுவினரும் செய்தது இன்னும் துணிச்சலானது. டி.ஜி.எஃப்-பீட்டாவின் இரண்டாம் வகை ஏற்பியை ஃபைப்ரோபிளாஸ்டில் மட்டும் நீக்கினார்கள். எபிதீலியத்தின் மரபணுவை அவர்கள் தொடவில்லை. ஆனால் கோளாறு கண்டது எபிதீலியத்தில். புரோஸ்டேட்டில் புற்றுக்கு முந்தைய மாற்றம் தோன்றியது, முன்வயிற்றில் பரவும் புற்றே வந்தது. ஃபைப்ரோபிளாஸ்டுகள் எச்.ஜி.எஃப் என்னும் காரணியைக் கூடுதலாகச் சுரந்திருந்தன. 2007இல் ஓவன் விட்டேயின் ஆய்வகம் மீசென்கைமில் எஃப்.ஜி.எஃப்-10ஐ மட்டும் மிகுதியாக்கியது. பக்கத்தில் இருந்த சாதாரண எபிதீலியம் புற்றாக மாறியது, அதில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் அளவும் கூடியது. இந்த இரண்டையும் வாசித்த பிறகு ஸ்ட்ரோமாவை வெறும் பின்னணி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தத் துறையில் அளவீடு எளிதில் ஏமாற்றும். எஃப்.ஜி.எஃப் குடும்பத்தில் பல காரணிகள் ஹெப்பரான் சல்பேட்டில் ஒட்டிக்கொள்ளும். ஊடகத்தில் காணவில்லை என்பதற்காகச் செல் சுரக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். டி.ஜி.எஃப்-பீட்டா செயலற்ற வடிவில்தான் வெளியே வருகிறது. அமிலமிட்டு அளந்த மொத்த அளவு ஒன்று, செயல்படும் அளவு வேறொன்று. நீங்கள் ஊற்றும் கன்றுக்குட்டி சீரத்திலும் அது ஏராளமாக உண்டு. மாட்ரிஜெல்லும் காரணிகள் இல்லாத வெற்றுப் பசை அல்ல, அது சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுத்தது. எல்லாவற்றிலும் மோசமான பொறி சுண்டெலியில் மனிதக் கட்டியை வளர்க்கும்போது வருவது. சுண்டெலியின் எச்.ஜி.எஃப் மனித மெட் ஏற்பியைச் சரியாகத் தூண்டாது. மெட் தடுப்பு மருந்து அங்கே பலன் தராவிட்டால், மருந்தைக் குறை சொல்லும் முன் அந்தத் தூது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ தரவிலிருந்து கணினி வரைந்து தரும் இணைப்புப் படங்களை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லில் காரணியின் ஆர்.என்.ஏவும் இன்னொன்றில் ஏற்பியின் ஆர்.என்.ஏவும் இருப்பது, இரண்டும் பேசிக்கொண்டதற்குச் சாட்சி ஆகாது. இரு வீட்டிலும் தொலைபேசி இருப்பதால் மட்டும் அழைப்பு போனதாகச் சொல்லிவிட முடியுமா?

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் முடிகிற நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். கபோசான்டினிப் மருந்து மெட் ஏற்பியையும் ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தடுப்பது. தொடக்கச் சோதனைகளில் பல நோயாளிகளின் எலும்பு ஸ்கேன் வியக்கத்தக்க அளவு தெளிவானது. நம்பிக்கையோடு 1,028 பேரைச் சேர்த்து மூன்றாம் கட்டச் சோதனை நடத்தினார்கள். இடைநிலை ஆயுள் அந்த மருந்தில் 11.0 மாதம், பிரெட்னிசோனில் 9.8 மாதம். புள்ளியியல்படி வேறுபாடு நிற்கவில்லை. எலும்பு ஸ்கேன் காட்டுவது எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்டின் வேலையை, புற்றுச் செல்லை அல்ல. அந்த ஆஸ்டியோபிளாஸ்டிலும் மெட் உண்டு. மருந்து எந்தச் செல்லைத் தொட்டது என்ற கேள்வியை முதலிலேயே இன்னும் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதே கேள்வியைச் சரியாகக் கேட்டதன் பலனும் உண்டு. 2020இல் சார்லஸ் சாயர்ஸ் குழு, ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்துக்குக் கட்டி அடங்காமல் போவதற்கான ஒரு காரணத்தைப் பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்டில் கண்டுபிடித்தது. அது நியூரெகுலின்-1ஐச் சுரக்கிறது, புற்றுச் செல் ஹெர்-3 ஏற்பி வழியாக அதைப் பெற்றுப் பிழைத்துக்கொள்கிறது. புற்றுச் செல்லின் மரபணு வரிசையை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இது அகப்பட்டிருக்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் பெற்றபின், அறுவைச் சிகிச்சை நிபுணரிடமும் நோயியல் மருத்துவரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். கட்டியை மட்டும் கேட்காதீர்கள். அதை ஒட்டிய ஸ்ட்ரோமாவையும், கட்டிக்குத் தள்ளியிருக்கும் திசுவையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபைப்ரோபிளாஸ்டுகளை உடனே வளர்த்து, சில தலைமுறைகளுக்குள்ளேயே உறையவைத்து விடுங்கள்; நாளானால் அவை தட்டின் பழக்கத்துக்கு மாறிவிடும். அவை கைக்கு வரும்வரை அந்த நான்கு கட்ட அட்டவணையை உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வரைந்து, கட்டங்களை நிரப்பாமல் வைத்திருங்கள்.